தமிழருக்குத் தெலுங்கு எவ்வளவு கஷ்டம்? – திருத்தணியிலிருந்து சில குறிப்புகள்

"இங்கிலீஷ் பேசுறவங்களுக்குப் பிரெஞ்சு எவ்வளவு கஷ்டம்?" என்ற கேள்விக்கு ஓர் அரசாங்கமே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை, வெளிநாடுகளுக்கு அனுப்பும் தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கத் தனியாக ஒரு பயிற்சி நிலையம் நடத்துகிறது. பல பத்தாண்டு அனுபவத்தை வைத்து, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் வேலைக்கு வேண்டிய அளவு தேற எத்தனை வாரம் ஆகும் என்று மொழிகளை வகை பிரித்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்குச் சுமார் 30 வாரம். சீனம், ஜப்பானியம், அரபு எல்லாம் 88 வாரம். நம்ம தமிழும் தெலுங்கும் நடுவில், ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன: தலா 44 வாரம், சுமார் 1100 மணி நேர வகுப்பு.

வாஷிங்டனிலிருந்து பார்த்தால் தமிழும் தெலுங்கும் ஒரே தூரத்தில் தெரிவது நியாயம்தான். ஆனால் திருத்தணியில் உட்கார்ந்து பார்க்கிற நமக்கு அந்தப் பட்டியலால் ஒரு பயனும் இல்லை. நமக்கு வேண்டிய கேள்வி வேறு: தமிழ் தெரிந்தவருக்குத் தெலுங்கு எவ்வளவு கஷ்டம்? இதற்கு யாரும் வாரக் கணக்கு போட்டு வைத்ததாக என் கண்ணில் படவில்லை. அதனால் கொஞ்ச காலமாக நானே ஒரு எக்ஸெல் ஷீட்டில் சேர்த்து வந்த குறிப்புகளை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நான் மொழியியல் படித்தவன் இல்லை, மென்பொருள் வேலை செய்பவன். ஆனால் ஒரு வரியை இன்னொரு வரியாக மாற்றும் விதிகளைத் தேடுவது எங்கள் தொழிலில் தினமும் செய்கிற வேலை.

முதலில் பிரெஞ்சுக் கதை

ஆங்கிலமும் பிரெஞ்சும் உடன்பிறந்தவை இல்லை. ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பம், பிரெஞ்சு லத்தீன் வழி. ஆனால் 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பல தலைமுறை பிரெஞ்சுதான் ஓடியது. அதனால்தான் தொழுவத்தில் இருக்கும் மாடு 'கௌ', அதுவே தட்டுக்கு வந்தால் 'பீஃப்'. ஜட்ஜ், ஜூரி, பார்லிமென்ட், கவர்ன்மென்ட் எல்லாமே பிரெஞ்சு வழியாக வந்த சொற்கள். தண்ணீர், கை, தின்பது, தூங்குவது போன்ற வீட்டுச் சொற்கள் மட்டும் ஜெர்மானியமாகவே தங்கிவிட்டன.

விளைவு என்ன? ஓர் ஆங்கிலேயர் பாரிஸ் செய்தித்தாளின் தலையங்கத்தில் பாதியை ஊகித்துவிடுவார். பக்கத்து மேசையில் இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது ஒரு வரி புரியாது. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் மனப்பாடம் செய்யவேண்டும். எழுதுவதில் பாதியை உச்சரிக்க மாட்டார்கள். 'அவர்கள் பேசுகிறார்கள்' என்ற வினையின் கடைசி மூன்று எழுத்துகள் எழுத்தில் இருக்கும், வாயில் வராது.

சுருக்கமாகச் சொன்னால், அங்கே மேல்மாடி பொது, அஸ்திவாரம் வேறு. தமிழ்-தெலுங்கு விஷயத்தில் இது அப்படியே தலைகீழ். நம் கஷ்டமும் அதனால் வேறு மாதிரியானது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான், மற்றதெல்லாம் உதாரணங்கள்.

கோடு நகர்ந்த ஊர்

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்தில்தான் திருத்தணி இருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தபோது, சித்தூரோடு சேர்ந்து திருத்தணியும் ஆந்திராவுக்குப் போனது. ம.பொ.சி. முதலானவர்கள் வடக்கு எல்லைப் போராட்டம் நடத்தினார்கள். படாஸ்கர் குழுவின் பரிந்துரை, 1959-இல் எல்லை மாற்றச் சட்டம், கடைசியில் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு பக்கத்து ஊர்கள் பதிலுக்கு ஆந்திராவுக்குப் போயின.

வரைபடத்தில் கோடு நகர்ந்தது. வீட்டுக்குள் பேச்சு அப்படி ஒரே நாளில் நகராது. இங்கே தமிழ் வீடும் தெலுங்கு வீடும் அடுத்தடுத்து இருக்கும். 1888-இல் இங்கே பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் குடும்பமும் தெலுங்குக் குடும்பம்தான். 365 படி ஏறி வருகிற கூட்டத்தில் 'முருகா' என்று ஒரு குரலும் 'சுப்ரமண்யேஸ்வர ஸ்வாமி' என்று இன்னொரு குரலும் சேர்ந்தே கேட்கும். அதனால் எங்கள் ஊர்க்காரர்களிடம் தெலுங்கு தெரியுமா என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில்: "பேசினா புரியும், திருப்பிப் பேச வராது."

இந்தப் பதிலைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

எலும்புக்கூடு இலவசம்

"எனக்குத் தெலுங்கு வராது" என்பதைத் தெலுங்கில் "நாகு தெலுகு ராது" என்பார்கள். நாகு = எனக்கு, ராது = வராது. ஒரு மொழி தெரிவதை 'வரும்', 'வராது' என்று சொல்வதும், அதற்கு 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமை போடுவதும் இரண்டிலும் ஒன்றே. ஆங்கிலத்தில் இப்படிச் சொல்லிப் பாருங்கள், நடக்காது.

கொஞ்சம் நீளமான வாக்கியம் பார்க்கலாம்.

தமிழ்: நேற்று வந்த பையன் நாளை வருவேன் என்று சொன்னான்.
தெலுங்கு: நின்ன வச்சின அப்பாயி ரேபு வஸ்தானு அனி செப்பாடு.

ஏழு சொல், ஏழு சொல். நேற்று-நின்ன, வந்த-வச்சின, பையன்-அப்பாயி, நாளை-ரேபு, வருவேன்-வஸ்தானு, என்று-அனி, சொன்னான்-செப்பாடு. வரிசை ஓர் இடம்கூட மாறவில்லை. (வேகமாகப் பேசும்போது வஸ்தானனி என்று ஒட்டிக்கொள்ளும்.) 'வந்த பையன்' என்கிற பெயரெச்சம், 'என்று' போட்டு அடுத்தவர் பேச்சைச் சொல்வது, வினை கடைசியில் வருவது, வினையின் வாலிலேயே ஆள் தெரிவது, எல்லாம் பொது. கேள்வி கேட்க வந்தானா என்று 'ஆ' சேர்க்கிறோமே, அவர்களும் வச்சாடா என்கிறார்கள். கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் 'நாம்', சேர்க்காமல் சொல்லும் 'நாங்கள்' என்ற பிரிவும் அங்கே உண்டு: மனம், மேமு. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இந்தப் பிரிவைப் புரியவைக்கவே ஒரு நாள் ஆகும்.

இதை முதலில் அச்சில் வாதமாக வைத்தவர் சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை. கம்பெனி அதிகாரிகள் உள்ளூர் மொழிகள் கற்பதற்காக 1812-இல் சென்னையில் கோட்டைக் கல்லூரி தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1816-இல் கேம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு எல்லிஸ் ஒரு முன்குறிப்பு கொடுத்தார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு குடும்பம், சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை இல்லை என்று அதில் சொற்பட்டியல் போட்டுக் காட்டினார். கால்டுவெல்லின் புகழ்பெற்ற ஒப்பிலக்கணம் வந்தது அதற்கு நாற்பது ஆண்டு கழித்து, 1856-இல்.

ஆக, ஓர் அமெரிக்க அதிகாரி அந்த 1100 மணி நேரத்தில் கணிசமான பகுதியைச் செலவு செய்கிற வாக்கிய அமைப்பு நமக்குப் பிறவியிலேயே கிடைத்துவிடுகிறது. 'பேசினா புரியும்' என்பதற்குப் பாதிக் காரணம் இது.

மாறுவேஷம் போட்ட சொற்கள்

மீதிக் காரணம் சொற்கள். வீட்டுச் சொற்கள் பல ஒரே வேர். ஆனால் வேஷம் மாறியிருக்கும். என் ஷீட்டில் அடிக்கடி தலைகாட்டிய விதிகள் இவை:

1. வாலில் ஓர் 'உ'. பால்-பாலு, கால்-காலு, ஊர்-ஊரு, பேர்-பேரு. கூடவே ண, ன ஆகும். ள, ல ஆகும்: கண்-கன்னு, மண்-மன்னு, முள்-முல்லு, தேள்-தேலு. 'பாலு, காலு, ஊரு' என்றுதானே நாமும் வீட்டில் பேசுகிறோம்? தெலுங்குக்குப் பக்கத்தில் இருப்பது நம் எழுத்துத் தமிழ் இல்லை, பேச்சுத் தமிழ்.

2. ழ போய் ட வரும். கோழி-கோடி, ஏழு-ஏடு, ஊழியம்-ஊடிகம். கல்வெட்டு ஆர்வமுள்ளவர்களுக்குத் தெலுங்குச் சோடர்களைத் தெரிந்திருக்கும். அந்தச் சோடர் நம் சோழர் என்ற சொல்தான். சில இடத்தில் ர வரும்: புழு-புருகு.

3. மெல்லினமும் வல்லினமும் ஒட்டி வந்தால், முன்னால் நெடில் இருக்கும்போது இரண்டில் ஒன்று விழும். மூன்று-மூடு, ஐந்து-ஐது, தாண்டு-தாடு, பாம்பு-பாமு, வேம்பு-வேப. முன்னால் குறில் இருந்தால் தப்பித்துக்கொள்ளும்: இரண்டு-ரெண்டு, பழம்-பண்டு.

இந்த மூன்றாவது விதிக்குப் பிரெஞ்சில் ஓர் அண்ணன் இருக்கிறான். ஹாஸ்பிடல் என்பது பிரெஞ்சில் 'ஓபிதால்', ஃபாரஸ்ட் என்பது 'ஃபொரே'. 'ஸ்' விழுந்துவிட்டது. விழுந்த இடத்தில் உயிரெழுத்தின் தலைமேல் ஒரு சின்னக் குல்லாய் போட்டு எழுதுவார்கள். அந்தக் குல்லாயைப் பார்த்ததும் 'ஸ்' சேர்த்துப் படிக்கத் தெரிந்த ஆங்கிலேயருக்குப் பல சொற்கள் தானாகத் திறக்கும். பழைய தெலுங்கு அச்சிலும் விழுந்த மெல்லினத்தின் இடத்தில் 'அரசுன்னா' என்று ஓர் அரை வட்டம் போடுவார்கள். பழைய புத்தகத்தில் மூடு (மூன்று) என்ற சொல்லில் அதைப் பார்க்கலாம். இப்போது அதை எழுதுவதில்லை. நாம்தான் மனசுக்குள் போட்டுக்கொள்ளவேண்டும்.

4. நடு 'ரு' விழும். செருப்பு-செப்பு, பருப்பு-பப்பு, நெருப்பு-நிப்பு, மருந்து-மந்து. எனக்கு மிகவும் பிடித்த விதி இது, சாப்பாட்டு மேசையிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

5. உயிரும் மெய்யும் இடம் மாறும். உரல்-ரோலு, உள்-லோ, இரவு-ரேயி, விரல்-வேலு, இல்லை-லேது, அவர்-வாரு, இவர்-வீரு. மிரட்டலாகத் தெரியும். ஆனால் இரண்டு என்பதை நாம் ரெண்டு என்று சொல்லும்போது பாதி வழி போயாச்சு. திருத்தணியிலிருந்து ரேணிகுண்டா போகிற பாதையில், மிக நீளமான பெயர் கொண்ட ஸ்டேஷன் வருமே, வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை, அதை உடைத்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் 'வாரி' என்பது 'அவருடைய'. வெங்கடநரசிம்மராஜு அவர்களுடைய பேட்டை. அவ்வளவுதான்.

6. இ, எ, ஐ-க்கு முன்னால் க இருந்தால் ச ஆகலாம். கெடு-செடு, கிளி-சிலுக, கை-செய்யி.

எண்களிலும் இதே கதை. எட்டு என்பது எனிமிதி, ஒன்பது என்பது தொம்மிதி. முதல் பார்வையில் சம்பந்தமே இல்லை. ஆனால் நம் எண்பதில் 'எண்' இருக்கிறது, தொண்ணூறிலும் தொள்ளாயிரத்திலும் 'தொண்', 'தொள்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்றே ஒரு பெயர் உண்டு.

எல்லாச் சொல்லும் விதிக்குள் வராது. நாய்க்குக் குக்க, பூனைக்குப் பில்லி, மழைக்கு வான. இவற்றை மனப்பாடம்தான் செய்யவேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இருக்கிறது (முதல் பதிப்பு 1961, இரண்டாம் பதிப்பு 1984). சிகாகோ பல்கலைக்கழகம் அதை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

காதுக்குச் சுலபம், வாய்க்குக் கஷ்டம்

இப்போது 'திருப்பிப் பேச வராது' என்ற பாதி. முதல் தடை வல்லினம். நம் எழுத்தில் ஒரே க. சொல்லின் முதலில் ஒரு மாதிரி, நடுவில் வேறு மாதிரி உச்சரிக்கிறோம், ஆனால் அந்த வித்தியாசத்தால் பொருள் மாறாது. அதனால் நம் காது அதைக் கவனிக்கப் பழகவே இல்லை. தெலுங்கில் க-வுக்கு நான்கு எழுத்து, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் நான்கு.

இதனால் என்ன ஆகும்? நாம் 'கோடி ரூபாய்' என்று சொல்லும்போது அந்த ட மென்மையாக வருகிறது. தெலுங்குக்காரர் காதில் அது கோழி! அவர்களுடைய கோடி (நூறு லட்சம்) அழுத்தமான ட. அதேபோல் 'குடி' என்பதை அழுத்தமான க போட்டுச் சொன்னால் தெலுங்கில் வலதுபக்கம். மென்மையான க போட்டால் கோயில். நம் தமிழ் நாக்கு சொல் முதலில் தானாக அழுத்தமான க-தான் போடும். ஆட்டோக்காரரிடம் கோயிலுக்குப் போகச் சொன்னால் அவர் வலதுபக்கம் திரும்புவார்.

இதற்கு ஒரு மருந்து நம்மிடமே இருக்கிறது. கர்நாடக சங்கீதக்காரர்கள் தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனைகளைத் தமிழ் எழுத்தில் அச்சிடும்போது க, க², க³, க⁴ என்று எண் போடுவார்கள். வலதுபக்கம் குடி³, கோயில் கு³டி³. தெலுங்குச் சொல் எழுதிவைக்கும்போது முதல் நாளிலிருந்தே இந்த எண்களைப் போட்டுப் பழகினால் பிறகு திருத்தவேண்டிய வேலை மிச்சம். (இந்தக் கட்டுரையில் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று மற்ற இடங்களில் எண்களை விட்டிருக்கிறேன்.)

பழகிய முகம், வேற ஆள்

இரண்டாவது தடை, ஒரே மாதிரி ஒலித்து வேறு பொருள் தரும் சொற்கள். ஆங்கிலேயர் பிரெஞ்சில் 'அக்துவெல்மா' என்று பார்த்ததும் ஆக்சுவலி என்று நினைப்பார். அதற்குப் பொருள் 'தற்போது'. 'லிப்ரேரி' என்றால் லைப்ரரி இல்லை, புத்தகக் கடை. நம் பட்டியல் இதைவிட நீளம்:

வீடு – இவன்.
வாடு – அவன்.
காது – அல்ல (நம் 'ஆகாது' தேய்ந்தது).
வேலு – விரல்.
செப்பு – சொல்லு (செருப்பும் அதுவே).
அவசரம் – தேவை.
ஆலோசன – யோசனை, சிந்தனை.
பிரபஞ்சம் – உலகம்.

கடைசி மூன்றும் சமஸ்கிருத வழிச் சொற்கள். நம்மைவிடத் தெலுங்கில் அவை தினப்பேச்சில் அதிகம். புத்தகம், சந்தோஷம், சாயந்திரம், உத்தியோகம் என்று பல சொற்கள் அப்படியே கைகொடுக்கும். அந்தத் தைரியத்தில்தான் 'அவசரம்' காலை வாரும். "நாகு டப்பு அவசரம்" என்று ஒருவர் சொன்னால் அவருக்குப் பணம் தேவை என்று பொருள். இன்றைக்கே வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

மரியாதை எங்கே நிற்கிறது?

மூன்றாவது தடை நுணுக்கமானது. 'தினு' என்பது தெலுங்கில் சாதாரணமாகச் சாப்பிடுவது. "தின்னாரா?" என்று பெரியவரைக் கேட்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை. நம் ஊரில் ஒருத்தரைப் பார்த்து "தின்னீங்களா?" என்று கேட்டால் அடுத்த முறை அவர் வீட்டுப் பக்கம் போக முடியாது. ஒரே வேர், மரியாதை மட்டும் வேறு.

அதேபோல, தெலுங்கில் ஒருமையில் ஆணுக்கு ஒரு வால், பெண்ணுக்கும் அஃறிணைக்கும் சேர்த்து ஒரே வால். பையன் வந்தால் வச்சாடு. பெண் வந்தாலும் வச்சிந்தி, பசு வந்தாலும் வச்சிந்தி. தமிழ்க் காதுக்கு இது பெண்ணை 'அது' என்று சொல்வதுபோல் உறுத்தும். ஆனால் அவர்கள் இலக்கணத்தில் அது வசை இல்லை, பழைய திராவிட அமைப்பின் ஒரு கிளை. மரியாதை வேண்டுமென்றால் ஆணோ பெண்ணோ வச்சாரு, நம் 'வந்தார்' மாதிரியே. கூப்பிடும்போது நாம் 'வாங்க' என்பதுபோல 'ரண்டி'. சந்தேகம் வந்தால் பன்மை வாலைப் போட்டுவிடுங்கள், யாருக்கும் கோபம் வராது. எல்லையின் இரண்டு பக்கமும் இது வேலை செய்யும்.

எழுத்து: உண்மையான சுவர்

இதுவரை சொன்னதெல்லாம் ஆறு மாதப் பழக்கத்தில் தாண்டக்கூடியது என்பது என் கணிப்பு. எழுத்து அப்படி இல்லை. பிரெஞ்சு கற்கும் ஆங்கிலேயருக்கு எழுத்து தெரிந்ததே. நமக்குப் பக்கத்து வீட்டு மொழியின் எழுத்து முழுக்கப் புதுசு. புள்ளி வைத்து மெய்யைக் காட்டும் வழக்கம் நமக்கு. அவர்கள் இரண்டாவது மெய்யைச் சின்னதாக்கி முதல் எழுத்தின் அடியில் தொங்கவிடுவார்கள், 'ஒத்து' என்று பெயர். எழுத்துகளைத் தனித்தனியாக ஒரு மாதத்தில் கற்றுவிடலாம். ஒத்துகளோடு சேர்த்துச் சரளமாக வாசிக்க ரொம்ப நாள் ஆகும்.

இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். எங்கள் வீட்டுப் பெட்டியில் என் தாத்தா பெயரில் ஒரு கிரயப் பத்திரம் இருக்கிறது. 1957-ஆம் வருஷத்தியது, அதாவது ஊர் ஆந்திராவில் இருந்த காலம். முழுக்கத் தெலுங்கு. வீட்டில் எல்லாருக்கும் தெலுங்கு காதால் புரியும். ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. நான் எழுத்து கற்க உட்கார்ந்ததே இதற்காகத்தான். தலைப்பைக் கூட்டிப் படித்தேன்: கிரய தஸ்தாவேஜு. சொல்லிப் பார்த்த உடனே புரிந்துவிட்டது, இரண்டும் நமக்குத் தெரிந்த சொல். ஆனால் ஹத்துலு என்ற எல்லை விவரத்துக்கு வந்தபோது நின்றேன். உத்தரம், தட்சிணம் சரி. 'படமர' என்றால் மேற்கு. சூரியன் படுகிற பக்கம் என்று நம் 'படு'வை வைத்து ஊகிக்கலாம். 'தூர்பு' என்றால் கிழக்கு. இதற்கு என் விதிகளில் எதுவும் உதவவில்லை, அகராதிதான் உதவியது. நிலத்தின் நான்கு பக்கத்தில் ஒரு பக்கம் யாருடையது என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ஊகம் போதும் என்கிற இடம் இல்லை அது.

இந்த மாதிரிப் பத்திரம் எங்கள் வீட்டில் மட்டும் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. 1960-க்கு முன் இங்கே தெலுங்கில் பள்ளிப்படிப்பு படித்தவர்கள் எல்லாரும் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளின் நிலையும் கிட்டத்தட்ட இதேதான். 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். அது சரியா தவறா என்பது வேறு விவாதம்; இங்கே என் கவலை, வீட்டில் தெலுங்கு பேசி வளர்கிற பிள்ளை அந்த எழுத்தைத் தொடாமலேயே படித்து முடிக்கலாம் என்பது. அப்போது அந்தப் பிள்ளையும், தமிழ் வீட்டு நானும் ஒரே பத்திரத்தின் முன்னால் ஒரே மாதிரி விழிப்போம்.

எதிர்த் திசையில் தூரம் அதிகம்

ஒரு சின்ன விஷயம். தமிழிலிருந்து தெலுங்குக்குப் போகிற தூரமும் தெலுங்கிலிருந்து தமிழுக்கு வருகிற தூரமும் சமம் இல்லை. தெலுங்கில் கிடுகு ராமமூர்த்தி போன்றவர்கள் பேச்சு மொழியையே எழுதவேண்டும் என்று போராடி, பெருமளவு ஜெயித்தார்கள். அவர் பிறந்த ஆகஸ்ட் 29-ஐத்தான் ஆந்திராவில் தெலுங்கு மொழி நாளாகக் கொண்டாடுகிறார்கள். இன்றைய தெலுங்குச் செய்தித்தாள் மொழி படித்தவர் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும். நகரியிலிருந்து இங்கே வருகிற ஒருவர் 'வந்துட்டு இருக்காங்க' என்று காதால் கற்பார். செய்தித்தாளில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று இருக்கும். அவர் இரண்டு தமிழ் கற்கவேண்டும். தமிழ் சரியாக வரவில்லையே என்று நம் ஊரில் யாரையாவது கிண்டல் செய்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

சரி, எத்தனை வாரம்?

ஆய்வுக்கூடக் கணக்கு என்னிடம் இல்லை. ஆனால் எதை முதலில் கற்பது என்ற வரிசை இருக்கிறது. தமிழர்களுக்கான தெலுங்குப் பாடம் இலக்கணத்தில் தொடங்கவே வேண்டாம், அது தானாக வரும். முதல் வாரம் மேலே சொன்ன ஆறு விதிகள். அடுத்து க, ச, ட, த, ப எண் போட்டு உச்சரிப்புப் பயிற்சி, பக்கத்தில் ஒரு தெலுங்குக்காரர் திருத்திக்கொண்டே இருந்தால் நல்லது. பிறகு வேஷதாரிச் சொற்கள். எழுத்தை மட்டும் தள்ளிப்போடாமல் முதல் நாளிலிருந்தே தினம் பத்து நிமிஷம். பஸ் பலகை, ஸ்டேஷன் பலகை, ஆந்திரா பஸ் டிக்கெட், எது கிடைத்தாலும் கூட்டிப் படிக்கலாம். நம்ம ஊரில் இதற்குப் பஞ்சம் இல்லை.

உங்கள் வீட்டிலும் பழைய பெட்டி இருந்தால் ஒரு தடவை திறந்து பாருங்க. தெலுங்கில் ஏதாவது காகிதம் இருந்தால், தெருவில் அதைப் படிக்கத் தெரிந்த தாத்தாவோ பாட்டியோ இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். காதால் கேட்டால் பாதிக்கு மேல் உங்களுக்கே புரியும். மீதிக்கு அகராதி இருக்கிறது.